பூனை தூங்கிய கம்ப்யூட்டர்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலை தொடங்குகிற இடத்தில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது கனகவல்லி துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் இரண்டு பேர். கனகவல்லி, மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். டிக்கெட் இல்லாத முகத்தை நடைமேடையின் மறுகோடியிலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார். இன்னொருவன் பிரிட்டோ. ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். வாடிக்கையாளர்களிடம் வாய் நீளம் என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாய்க்காகத்தான் மேடம் தன்னைச் சேர்த்துக்கொண்டார் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கனகவல்லி அதை மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை.

அன்று காலை படியேறி வந்த பெண் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கப்பா குரலைக் காணோம் மேடம். நீங்கதான் தேடிக் குடுக்கணும்."

"காணாமப் போனதுக்கு ஏதாச்சும் அங்க அடையாளம் உண்டா?" என்று ஆரம்பித்த பிரிட்டோ, அவளுக்குப் பின்னால் மெதுவாக ஏறி வந்தவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நல்ல உயரம், வெயிலில் கறுத்த தோள்கள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. அது லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக அல்ல, அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த துளை வழியாகத்தான் அவர் மூச்சுவிட்டார்.

பிரிட்டோ எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தான்.

அவள் பெயர் பொன்னி. அவர் அவளுடைய அப்பா மாணிக்கவேல். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் ஏலம் கூவினால் அலை ஓய்ந்து கேட்கும் என்று பேர். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் குரலைப் பதிந்து வைத்தால், பிறகு போனில் எழுதுவதையெல்லாம் அதே குரலில் பேசவைக்கலாம் என்று பொன்னிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொழிச்சலூரில் லாசரஸ் என்பவரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் போய்ப் பதிந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஜெரூஷா என்ற பெண் பொறுமையாக உட்கார்ந்து, அவரைப் பேசவைத்து, திட்டவைத்து, சிரிக்கவைத்து, ஏலம் கூவவைத்து எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரலை வாங்கப் போனபோது கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றார் லாசரஸ். ஜெரூஷா சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனாளாம். போகிற போக்கில் எதையோ செய்து கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டாளாம். உள்ளே இருந்த எல்லாமே போயிற்றாம். ஜெரூஷாவின் நம்பரையும் அவரே கொடுத்தார். அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

"குரல் போச்சுன்னு கேட்டதுலேர்ந்து இவுரு கரைக்கே போறதில்ல மேடம். சொவத்தைப் பாத்துக்கினு குந்திகினு கீறாரு. ஆபரேசனுக்குக்கூட இப்டி ஒடஞ்சு போகல," என்றாள் பொன்னி. "அந்தப் பொண்ணைக் கண்டுபுடிங்க. இன்னா பண்ணான்னு கேக்கணும்."

மாணிக்கவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் வேறு யாரையோ பற்றிய பேச்சு என்பதுபோல.

ஜெரூஷாவைக் கண்டுபிடிப்பது பிரிட்டோவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலையாக இருந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவள், பெயர் ஜெரூஷா என்றால், ஏதாவது ஒரு சபையின் பாடகர் குழுவில் இருந்தே தீர வேண்டும் என்பது அவன் கணக்கு. பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இருக்கிற பாடகர் குழு வாட்ஸ்அப்களில் பாதியில் அவனுக்கு ஆள் உண்டு. மூன்றாவது குழுவில் கிடைத்துவிட்டாள். அவள் நம்பரையும் லாசரஸ் கொடுத்த நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடைசிக்கு முந்தின எண் மட்டும் மாறியிருந்தது.

"கை தவறி மாத்தி எழுதியிருப்பாரோ?" என்றான் பிரிட்டோ.

"இருக்கலாம்," என்றார் கனகவல்லி. "வா, கூடுவாஞ்சேரி ரயில் வருது."

ரயிலில் போகும்போது, எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரிடம் டிக்கெட் இல்லை என்று கனகவல்லி காதோடு சொன்னார். இப்போது அது அவருடைய வேலை இல்லை என்று பிரிட்டோ நினைவுபடுத்தினான். அந்த ஆள் ஊரப்பாக்கத்தில் அவசரமாக இறங்கிப்போனார்.

ஜெரூஷா கூடுவாஞ்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் பாட வீடியோக்களுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், காதில் மாட்டும் பெரிய ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. மாணிக்கவேலின் குரல் போய்விட்டது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. அதைக் கெடுத்தது தான்தான் என்று, தான் இல்லாத பாடகர் குழுக்களிலெல்லாம் லாசரஸ் சொல்லிக்கொண்டிருப்பதும் தெரிந்தபோது, வெளுத்த முகம் சிவந்தது.

தான் போகும்போது கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது என்றாள். அது விண்டோஸ் இல்லை, லினக்ஸில் ஓடுகிற மெஷின், அவளே அமைத்தது. கர்னலைப் புதுப்பிக்கச் சொல்லி மாதக்கணக்காக ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் எழுவதற்கான பூட் பகுதியில் இடம் நிரம்பிவிட்டது, பழையவற்றை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டு வந்தாள். அந்த அறிவிப்பில் இருக்கும் பட்டனை மட்டும் தொட வேண்டாம் என்று லாசரஸிடம் சொல்லிவிட்டும் வந்தாள்.

"ஒண்ணுதான் மேடம் எனக்குப் புரியல," என்றாள். "மெஷினைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவ நான்தான். அது நின்னுபோச்சுன்னா முதல்ல எனக்குத்தானே கால் பண்ணியிருக்கணும்? லாசரஸ் சார் என்னைத் திட்டக்கூட ஒரு கால் பண்ணல."

கனகவல்லி அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, டிக்கெட் உள்ளவர்களிடம் தலையசைக்கிற மாதிரி தலையசைத்தார்.

திரும்பி வரும் ரயிலில் கர்னல் என்றால் என்ன என்று கேட்டார். கம்ப்யூட்டரில் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற புரோகிராம் அது என்றான் பிரிட்டோ. புதிய கர்னல் வரும்போது கூடவே ஒரு சின்னக் கோப்பும் வர வேண்டும். டிஸ்க்கைத் திறக்க அதுதான் உதவி. இடம் இல்லாமல் அந்தக் கோப்பு எழுதப்படாமல் போயிருந்தால், புதிய கர்னல் எழுந்து, டிஸ்க்கைத் திறக்க வழி தெரியாமல் அப்படியே நின்றுவிடும்.

"அப்ப உள்ள இருக்கிறது எல்லாம்?"

"பத்திரமா இருக்கும் மேடம். பழைய கர்னலும் உள்ளயேதான் இருக்கும். ஆரம்பிக்கும்போது எஸ்கேப் கீயைத் தட்டினா ஒரு மெனு வரும். பழசைத் தேர்ந்தெடுத்தா எழுந்துடும். ரெண்டு நிமிஷ வேலை. ரிச்சி தெருவுல இதுக்கு ரெண்டு நாள்னு சொல்லுவோம்."

மறுநாள் காலை பொழிச்சலூருக்குப் போனார்கள். லாசரஸின் கூடம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். தலைக்கு மேல் விமானம் ஒன்று துணிக்கொடியை உரசுகிற உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு செய்வதற்கு இந்தச் சென்னையில் இதைவிடச் சத்தமான இடம் வேறு கிடைக்காமல் போயிருக்கும் என்று பிரிட்டோ அனுதாபப்பட்டான்.

லாசரஸ் ஐம்பது வயது மனிதர். மென்மையான பேச்சு, வெள்ளைச் சட்டை. உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேசைக்குக் கீழே கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் அந்த மெஷினா?"

"ஆமா மேடம். அன்னிக்கு நின்னதுதான். அதுக்கப்புறம் நான் சுவிட்சுலகூடக் கை வைக்கல."

கனகவல்லி குனிந்து பூனையின் முதுகைத் தடவினார். தடவிய கை ஒரு கணம் பெட்டியின் மேல் தங்கியது. நிமிர்ந்தபோது அவர் குரல் இன்னும் கனிவாக இருந்தது.

"உங்களுக்கு நல்ல சேதி சார். ஜெரூஷா ஒத்துக்கிட்டா. தான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டா."

லாசரஸின் புருவம் மேலே போயிற்று. வாய் கொஞ்சம் திறந்தது. "ஒத்துக்கிட்டாளா?" என்றார். பிறகுதான் சிரிப்பு வந்தது.

போலீஸில் புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும், கெட்டுப்போன திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்றார் கனகவல்லி. லாசரஸ் மகிழ்ச்சியாகவே சுவிட்சைப் போட்டார். மின்விசிறிச் சத்தத்தில் பூனை எழுந்து சோம்பல் முறித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடி, கர்னல் பேனிக், அதாவது கர்னல் திணறி நின்றுவிட்டது, என்ற வரியோடு நின்றன. பிரிட்டோ போனை நீட்டிப் படம் எடுத்தான். பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஆடிடுச்சு சார். கை நடுங்குது, உங்க ஏசி அப்படி. இன்னொரு தடவை போட்டுக்கட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் குனிந்து கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். எழுந்து நிற்கும்போதே அவன் இடது கை எஸ்கேப் கீயைத் தட்டிக்கொண்டிருந்தது. மெனு வந்தது. அதில் கூடுதல் தேர்வுகள் என்ற இடத்துக்குள் போய், பழைய கர்னலைத் தொட்டான். லாசரஸ் என்ன நடக்கிறது என்று புரிந்து கையை நீட்டியபோது கடற்கரைப் படத்தோடு திரை பளிச்சென்று விரிந்துவிட்டது.

"செத்தவன் எழுந்துட்டான் சார்," என்றான் பிரிட்டோ. "சபையில சாட்சி சொல்லலாம்."

லாசரஸ் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் பயம் முழுதாக வரவில்லை. கனகவல்லி அதைக் கவனித்தார். மாணிக்கவேல் என்ற பெயரில் இருந்த ஃபோல்டரைப் பிரிட்டோ திறந்தபோது காரணம் புரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பாருங்க," என்றார் லாசரஸ் மெதுவாக. "நான் சொன்னேன்ல. அழிச்சுட்டுப் போயிருக்கா."

பிரிட்டோ திரையில் கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தான். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதெல்லாம் சரியாக எழுந்து ஓடியது என்பது வந்து நின்றது. பேனிக் ஆகி நின்ற நேரங்கள் அதில் வராது, டிஸ்க் திறந்தால்தானே எழுத முடியும் என்று விளக்கினான். ஜெரூஷா போன பிறகும் அது கிட்டத்தட்ட தினமும் எழுந்திருந்தது. இதற்கு முன் கடைசியாக எழுந்தது அன்று காலை, இவர்கள் வருவதற்குச் சற்று முன்.

"இது இல்லாட்டியும் தெரிஞ்சுதான் இருந்துச்சு," என்றார் கனகவல்லி. "இந்தக் குளிர்ல பூனை சில்லுனு இருக்கிற தகரத்து மேல படுக்காது சார். பெட்டி இன்னும் சூடா இருக்கு. அதோட, ஜெரூஷா ஒத்துக்கிட்டான்னு பொய் சொன்னேன். ஒருத்தி மேல பழி போட்டவரு, அது நிஜம்னு கேட்டதும் ஆச்சரியப்பட்டீங்க. இப்ப சொல்லுங்க. குரல் எங்க?"

லாசரஸ் பூனையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். ஜெரூஷா போன அன்று சாயங்காலம், அந்த அறிவிப்பு எரிச்சலூட்டியதால் பட்டனை அழுத்தியது அவர்தான். மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. பதறிப்போய்ப் போனில் தேடி, பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கும் வழியை அவரே கண்டுபிடித்தார். அதுவரை நடந்தது வெறும் விபத்து.

ஆனால் அதற்கு முந்தின வாரமே கதிரேசன் என்பவர் வந்திருந்தார். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வண்டியில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். வண்டியில் ஒலிபரப்ப ஒரு குரல் வேண்டும் என்றார். லாசரஸ் மாணிக்கவேலின் ஏலக் குரலைப் போட்டுக் காட்டினார். கதிரேசன் மயங்கிவிட்டார். அந்தக் குரல் வேறெங்கும் கேட்கக் கூடாது, மொத்தமும் தனக்கே வேண்டும் என்றார். லாசரஸ், ஜெரூஷாவுக்குத் தெரியாமல், எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பொன்னியிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பதிலைக் கொடுத்தது. ஜெரூஷாவின் நம்பரில் ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்ததும் அந்தப் பதில் உடையாமல் இருக்கத்தான்.

"அவரால இனிமே பேச முடியாது மேடம்," என்றார். "குரல் சும்மாதானே கிடக்குது."

கனகவல்லி போனை எடுத்துப் பொன்னியை அழைத்தார். தானோ பிரிட்டோவோ அந்தக் குரலைக் கேட்டதே இல்லை என்பதால், அடையாளம் காட்ட அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேடவாக்கத்துக்கு வரச் சொன்னார்.

சாயங்கால மேடவாக்கத்தில் வண்டி எதுவும் ஓடுவதில்லை, எல்லாம் நகர்த்தி வைக்கப்படுகின்றன. இரண்டு தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் மாட்டிக்கொண்டு பொன்னியும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். மாணிக்கவேல் வேண்டா வெறுப்பாக இறங்கினார். எதற்கு வந்தோம் என்று அவருக்குச் சொல்லவில்லை. தப்பான வண்டியாக இருந்துவிட்டால் அவர் இன்னொரு முறை உடைந்துபோகக் கூடாது என்று கனகவல்லி தடுத்துவிட்டார்.

கதிரேசனின் வண்டி வரும் என்று லாசரஸ் சொன்ன குடியிருப்பு ஒன்றின் வாசலில் நின்றார்கள். தெருமுனை திரும்பி ஒரு நீல வண்டி வந்தது. அதற்கும் முன்னால் குரல் வந்தது.

"வஞ்சிரம் வஞ்சிரம் வஞ்சிரம்... வலையில துள்ளுனது, கரையில துள்ளுது, கையில எடுத்தாலும் துள்ளுது... வாம்மா, வந்து பாரும்மா..."

பொன்னி அப்பாவின் கையைப் பிடித்தாள். மாணிக்கவேலின் மார்பு ஏறி இறங்கியது. கழுத்துத் துணி படபடத்தது. அவர் உதடுகள் ஒலிபெருக்கியோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொண்டிருந்தன.

மாடியிலிருந்து பெண்கள் இறங்கி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மாணிக்கவேல் மகளின் கையை விட்டுவிட்டு நடந்தார். கூட்டம் தானாக விலகியது. தட்டில் கிடந்த வஞ்சிரத்தைத் தூக்கினார். கட்டைவிரலால் செவுளைத் திறந்து பார்த்தார். கண்ணைப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது.

அவர் முகம் மாறியது. வாரக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் இரத்தம் ஏறியது. மீனைத் தட்டில் போட்டுவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஒலிபெருக்கியின் ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கினார். தெரு அமைதியாயிற்று.

ஓட்டுநர் சண்டைக்கு வந்தார். பொன்னி குறுக்கே புகுந்தாள்.

"இன்னாண்ணா மொறைக்கிற? அந்தக் குரலு இவுருது. இத்தினி வருசத்துல ஒரு நாளுகூட அழுகுன மீனை இவுரு துள்ளுதுன்னு கூவுனதில்ல. இவுரு வாயால நீ பொய் சொல்லிக்கினு கீற."

பெண்கள் மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்கள். ஓட்டுநர் முதலாளிக்குப் போன் செய்தார். கதிரேசன் பைக்கில் வந்து இறங்கும்வரை மாணிக்கவேல் வண்டியைவிட்டு நகரவில்லை. எந்த மீனை விற்கலாம், எதைக் கொட்ட வேண்டும் என்று தட்டுத் தட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். விரலால் மட்டும்தான் சொன்னார். ஓட்டுநருக்கு எல்லாம் புரிந்தது.

கதிரேசனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. குரலுக்கு உரியவர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று லாசரஸ் சொன்னதை நம்பியிருந்தார். கனகவல்லி அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இந்த ஆளிடம் டிக்கெட் இருக்கிறது என்று பிரிட்டோவிடம் சொன்னார். அன்றே ஹார்ட் டிஸ்க் பொன்னியின் கைக்கு வந்தது.

போலீஸுக்குப் போவதா என்று பொன்னியிடம் கேட்டார்கள். ஜெரூஷா எப்படிச் சொல்கிறாளோ அப்படி என்றாள் அவள். ஜெரூஷா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தன்னைப் பற்றிப் பழி பேசிய அத்தனை பாடகர் குழு வாட்ஸ்அப்களிலும் லாசரஸ் தன் சொந்தக் குரலில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் சொன்னார். பிரிட்டோ அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒலிப்பதிவுத் தரம் பரவாயில்லை, விமானச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று கருத்துத் தெரிவித்தான்.

குரலை ஜெரூஷாவே போனில் ஏற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் கதிரேசன் தாம்பரம் அலுவலகத்துக்கு வந்தார். பொன்னியையும் மாணிக்கவேலையும் அங்கே வரச் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தக் குரல் இல்லாமல் வண்டியில் வியாபாரம் படுத்துவிட்டது, இந்தத் தடவை முறையாக, ஐயாவின் சம்மதத்தோடு கேட்கிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாணிக்கவேல் போனை எடுத்து விரலால் தேடித் தேடி எழுதினார். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசி எழுத்தைத் தொட்டுவிட்டுப் போனை மேசைமேல் வைத்தார். கரகரப்பும் கம்பீரமுமாக அவர் குரல் எழுந்து, கீழே கண்ணாடிக் கடைவரை கேட்டது.

"மொதல்ல மீனைக் காட்டு. அப்பால பேசிக்கலாம்."

போனைப் பார்த்துப் பதில் சொல்வதா, அவரைப் பார்த்தா என்று கதிரேசன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு நிமிர்ந்து, மாணிக்கவேலின் கண்ணைப் பார்த்து, "சரிங்கய்யா," என்றார்.